பழக்கமும் வழக்கும்

அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பழகினால் வாழ்க்கையில் உயரலாம் என்று மேடையில் ஒருவர் சொல்ல, நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிரம்பானிலோ பகாவிலோ ஒரு மண்டபத்து நாற்காலிகளில் அமர்ந்து தமிழர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொள்வதில் ஏதோ ஒன்று நெருடுகிறது. சொல்பவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. கேட்பவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டிகளை நினைக்கும்போதுதான் நெருடுகிறது. அந்தப் பாட்டிகள் நாலு மணிக்கே எழுந்தவர்கள். தோட்டத்து லயத்துக் குசினியில் அடுப்பு மூட்டி, சோறு பொங்கிக் கட்டி, தூக்கம் கலையாத பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிப்போய் ஆயாக்கொட்டகையில் கிடத்திவிட்டு, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்தவர்கள். ஊர் விடிகிறபோது அவர்கள் ரப்பர் மரங்களில் பல நிரைகளை வெட்டி முடித்திருப்பார்கள். அதிகாலை எழுதல், ஒரே வேலையில் மனம் குவிதல், சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தல், ஒருநாளும் விடாதிருத்தல் என்று வெற்றிக்கான பழக்கங்களாக இன்று புத்தகம் புத்தகமாக விற்கப்படுகிற எல்லாமே லிங்கி, லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறை நாள் தவறாமல் நடந்திருக்கின்றன. பழக்கம்தான் மனிதனை உயர்த்துகிறது என்றால் மலாயாவிலேயே பெரிய பணக்காரர்கள் பால்மரம் வெட்டியவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

விளையாட்டாகச் சொன்ன வாக்கியம் மாதிரித் தெரிந்தாலும், இதைச் சுலபத்தில் தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால் பால்வெட்டு வெறும் உடலுழைப்பு அல்ல. மரத்தின் பட்டைக்குள், உயிர்த்திசுவை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் பால்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. கத்தி அந்த உயிர்த்திசுவுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வடிகிற மங்கு நிறையாது. கொஞ்சம் ஆழம் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடம் பிறகு முண்டும் முடிச்சுமாக வளர்ந்து அடுத்த சுற்றில் வெட்டவே முடியாமல் போகும். குழாய்கள் சற்றே சாய்வாக மரத்தைச் சுற்றி ஏறுவதால், கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக இறங்கினால்தான் அதிகக் குழாய் அறுபடும். ஒரு வெட்டுக்கு ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோதான் பட்டை செலவாக வேண்டும். சீவிய பட்டை சுருண்டு விழுகிற சத்தத்திலும், கத்தி முனையில் தெரிகிற இளக்கத்திலும் ஆழம் தெரிந்துவிடும். இதெல்லாம் இருட்டில், தலைவிளக்கின் வட்ட வெளிச்சத்தில், கொசுவுக்கு நடுவே, ஒரு மரத்துக்கு அரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் நடக்க வேண்டும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுக்கத் தொடங்கும், குழாய்களில் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதனால்தான் அந்த அவசரம். நல்ல வெட்டுக்காரர் கைபட்ட மரத்தில் புதுப்பட்டை தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். அது ஒரு கையெழுத்து மாதிரி. கையெழுத்துப் போட்டவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது என்பது வேறு விஷயம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு நாளைக்கு ஏறக்குறைய 500 மரம். மழையும் இலையுதிர் காலமும் போக, மாதத்துக்கு 25 நாள் வீதம் பத்து மாதம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,25,000 வெட்டு. முப்பது ஆண்டு உழைத்தவர் கையால் 37 லட்சத்துக்கு மேற்பட்ட முறை அந்த ஒரு மில்லிமீட்டர் தீர்மானம் எடுக்கப்பட்டிருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு புதுச் செயல் யோசிக்காமலே செய்கிற பழக்கமாவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆகிறது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுகிறது என்றது. மதியம் ஒரு பழம் தின்பது, சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓடுவது போன்ற செயல்கள்தாம் அங்கே சோதிக்கப்பட்டன. பழக்கம் மனவுறுதியால் நிற்பதல்ல, சூழலின் சைகையால் நிற்பது என்று வெண்டி உட் போன்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்: அதே இடம், அதே நேரம், அதே ஒலி. அப்படிப் பார்த்தால் தோட்டம் என்பதே பழக்கத்தை உற்பத்தி செய்வதற்கென்று கட்டிய இயந்திரம். லயம் ஒரே வரிசையில் இருந்தது, மணி ஒரே நேரத்தில் அடித்தது, நிரை மாறாதிருந்தது, வராத நாளுக்குக் கூலி இல்லாதிருந்தது. அங்கே யாரும் மனவுறுதியை நம்பி எதையும் விடவில்லை.

மரத்தைக்கூட அப்படித்தான் பழக்கினார்கள். பிரேசில் காடுகளில் கோடாலியால் கொத்திப் பால் எடுத்தார்கள்; மரம் சீக்கிரம் பாழாகும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை 1888 முதல் நிர்வகித்த ஹென்றி ரிட்லி, புதுக்காயம் போடாமல் பழைய காயத்தின் ஓரத்தையே மெல்லச் சீவித் திறந்தால் பால் கூடுதலாக வருகிறது, மரமும் பிழைக்கிறது என்று 1890களில் காட்டினார். மலாயாவின் ரப்பர்த் தொழில் முழுக்க நின்றது அந்தக் கண்டுபிடிப்பின் மேல். கொஞ்சமாக, ஒரே இடத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று காயப்படுத்தினால் மரம் முப்பது ஆண்டு கொடுத்துக்கொண்டே இருக்கும். சிறு மாற்றங்களைத் தொடர்ந்து செய்தால் பெரும் பலன் சேரும் என்று இன்று சொல்கிறார்களே, அதற்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடையாது. பலன் சேரத்தான் செய்தது, லண்டன் கம்பெனிகளின் பங்குதாரர்களிடம். பழக்கத்தைப் பற்றிய பேச்சுகளில் எப்போதும் விடுபட்டுப்போகிற கேள்வி இதுதான் என்று தோன்றுகிறது. எத்தனை நாளில் பழக்கம் வரும் என்று கேட்கிறோம், எப்படி விடாமல் காப்பது என்று கேட்கிறோம். அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்பதில்லை. மங்கிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து ஸ்டோருக்கு, அங்கிருந்து கப்பலுக்கு என்று பால் போன வழியிலேயேதான் அந்த 37 லட்சம் தீர்மானங்களும் போயின.

கூலி கொடுத்தார்களே, சேர்த்து வைத்துக்கொள்ளாதது அவர்கள் குற்றம் அல்லவா என்று ஒரு மறுப்பு வரும். இதற்கு வார்த்தையால் பதில் சொல்வதைவிடப் பகாவைத் தாண்டிப் போய்ப் பார்ப்பது நல்லது. ஜெம்போல் மாவட்டத்தில் பெரிய தோட்டங்களும் இருக்கின்றன, பாலோங், செர்த்திங், லுயி என்று பெல்டா குடியேற்றங்களும் இருக்கின்றன. 1956இல் அமைந்த அரசு அமைப்பான பெல்டா, நிலமில்லாத குடும்பங்களைக் கொண்டுவந்து காடழித்த நிலத்தில் குடியமர்த்தியது. பிற்காலக் குடியேற்றங்களில் குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் அளவு, வீட்டு மனை தனி. நட்டுக் கொடுத்த செலவைக் கடனாக எழுதி, பல ஆண்டுகள் விளைச்சலில் கழித்து, முடிந்ததும் நிலப்பட்டா. ரப்பர் நட்ட குடியேற்றங்களில் அதே மரம்தான், அதே கத்திதான், அதே விடியற்காலைதான். சொல்லப்போனால் பெல்டாக்காரர்களில் பலருக்கு வெட்டுப் பழக்கம் தோட்டத் தமிழர்களுக்கு இருந்த அளவு தேர்ச்சியாக ஆரம்பத்தில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அவர்கள் சீவிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு பட்டாவை நோக்கி நகர்ந்தது. தோட்டத்தில் வெட்டியவர் ஓய்வு பெற்ற அன்று லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பெல்டாவைப் பொன்னுலகமாகக் காட்டுவது என் நோக்கமல்ல. கடன் சுமை, மறுநடவுத் தகராறு, 2012இல் அதன் நிறுவனம் பங்குச்சந்தைக்குப் போனபிறகு வந்த சரிவு எல்லாம் தெரிந்தவைதாம். குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள் என்பதும் தெரிந்ததே. அந்த அரசியலைத் தனியாகப் பேசலாம். இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரே பழக்கம், ஒரே மாவட்டம், ஒரே மரம், இரண்டு வேறு முடிவுகள். வித்தியாசம் பழக்கத்தில் இருந்திருக்க முடியாது.

தமிழில் இரண்டு சொற்களைச் சேர்த்தே சொல்கிறோம், பழக்கவழக்கம் என்று. சேர்ந்து சேர்ந்து சொல்லி அவற்றுக்கு இடையே உள்ள தூரம் மறந்துபோயிற்று. பழக்கம் ஒருவருடைய உடம்பில் இருப்பது. வழக்கம் ஊர் ஒப்புக்கொண்டது. அதே வேரிலிருந்துதான் வழக்கு என்ற சொல்லும் வருகிறது, நீதிமன்றத்தில் தொடுப்பது. வழக்கமானது எதுவோ அதை வைத்து உரிமை கேட்கலாம். பழக்கத்தை வைத்துக் கேட்க முடியாது. இந்த வேறுபாட்டை நெகிரி செம்பிலானைப் போல் துலக்கமாகக் காட்டுகிற மண் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. சுமத்ராவிலிருந்து வந்த மினாங்கபாவ் மக்களின் அடாட் பெர்பாத்தே என்கிற வழக்காறு இங்கே நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூதாதையர் நிலம் தாய்வழியில் பெண்களுக்கே போகும். ஆங்கிலேயர்கள் இதை 1909இல் வழக்காற்று நிலவுரிமைச் சட்டமாகவே எழுதினார்கள். ரெம்பாவிலும் கோலப்பிலாவிலும் ஜெலுபுவிலும் நிலப்பதிவேட்டில் அது வழக்காற்று நிலம் என்று குறிக்கப்பட்டது, குடிக்கு வெளியே எளிதில் விற்க முடியாது. பெண்கள் பேரில் இருந்த நெல்வயல் ஒரு பக்கம், விடியும் முன் பெண்கள் வெட்டிக்கொண்டிருந்த ரப்பர்க் காடு இன்னொரு பக்கம். அந்த வயலில் இறங்கிய பெண்ணும் இந்தக் காட்டில் ஏறிய பெண்ணும் ஒரே நேரத்தில்தான் எழுந்திருப்பார்கள். ஒருத்தியின் பழக்கம் வழக்கத்துக்குள் இருந்தது, அதைச் சட்டமும் தாங்கியது. மற்றவளுடையது வெறும் பழக்கம். அவள் குடும்பத்தில் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களை 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிச்சீட்டுக்கு அலையவிட்டபோது, முப்பது வருடம் வெட்டிய கைக்கு வழக்காட ஒன்றும் இருக்கவில்லை. பலர் கப்பலேறினார்கள்.

கள்ளுக்கடையைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. சொல்லாவிட்டால் அதையே மறுப்பாகக் கொண்டுவருவார்கள். நல்ல பழக்கம் இருந்தது சரி, சாயங்காலப் பழக்கம் எல்லாவற்றையும் குடித்துவிட்டதே என்பார்கள். குடித்தது உண்மை. குடும்பங்கள் அழிந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கடையும் பெரட்டுக் களம் மாதிரியே தோட்டத்துக்குள், லயத்திலிருந்து நடக்கிற தூரத்தில், உரிமத்தோடு, குறித்த நேரத்தில் திறந்தது. காலைச் சைகையை வைத்தவர்களின் அனுமதியோடுதான் மாலைச் சைகையும் இருந்தது. 1947இல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்கள் கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் செய்தபோது போலீஸ் வந்தது. கடையைக் காப்பாற்றத்தான் வந்தது. கையில் காசு தங்காததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பொறுமையாகக் காத்திருக்கிற குழந்தை பிற்காலத்தில் முன்னேறும் என்று மிட்டாயை வைத்துச் சொன்ன ஸ்டான்ஃபோர்டுப் பரிசோதனை எல்லாருக்கும் தெரியும். 2013இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட்டும் மற்றவர்களும் அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். முதலில் குழந்தைகளிடம் நல்ல வண்ணக்கோல் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, பாதிப் பேருக்குச் சொன்னபடி கொடுத்தார்கள், பாதிப் பேரை ஏமாற்றினார்கள். அதன்பிறகு மிட்டாய்ச் சோதனை. சொன்னது கிடைத்த குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் மூன்று நிமிடம். குழந்தைகள் அதே மாதிரிக் குழந்தைகள்தாம். வேலை போனால் அன்றே வீடும் போகும் என்கிற இடத்தில், ரப்பர் விலை லண்டனில் சரிந்தால் இங்கே ஆளைக் குறைத்துக் கப்பலேற்றிய 1930களைப் பார்த்த இடத்தில், நாளைக்கென்று எடுத்துவைப்பது அறிவுள்ள செயல்தானா என்பது திறந்த கேள்வி.

ஆனாலும் எடுத்துவைத்தார்கள் என்பதுதான் என் வாதத்துக்கே கொஞ்சம் இடைஞ்சல் தருகிற உண்மை. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து மாதாமாதம் போட்டு ஆளுக்கொரு மாதம் எடுக்கிற கூட்டு பல தோட்டங்களில் இருந்தது. அந்தப் பழக்கம் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு நாடாளுமன்றமே சாட்சி: 1971இல் அதைத் தடுக்க வந்த சட்டத்தின் பெயரிலேயே கூட்டு என்கிற சொல் இருக்கிறது. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தபோது தொழிலாளியின் பேரில் ஒரு கணக்கு உண்டாயிற்று. ஒவ்வொரு மாதமும் அவருடைய பங்கோடு முதலாளியின் பங்கும் அதில் விழுந்தது. தோட்டத்தில் பிறந்து முதல் வீடு வாங்கிய பல குடும்பங்களின் கதையில் இபிஎப் பணம் என்று ஒரு வரி வரும். பிறகு துண்டாடல் காலம். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்க, லயங்கள் காலியாயின. அப்போது அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு, விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது; அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர்களின் காசில் வாங்கப்பட்டது. பத்து வெள்ளி அன்றைக்குச் சில நாள் கூலி. அதை மாதம் தவறாமல் கொடுத்தவர்கள், சேமிக்கத் தெரியாதவர்கள் என்று பெயரெடுத்த அதே ஆட்கள். சங்கம் பிற்காலத்தில் எப்படி நடந்தது, பங்குதாரர்களுக்கு என்ன கிடைத்தது என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. எனக்கு அதன் தொடக்கம்தான் முக்கியமாகப் படுகிறது. அந்த மனிதர்கள் மாறியிருக்கவில்லை, மணி அடிக்கிற நேரமும் மாறியிருக்கவில்லை. காசு போய்ச் சேர ஓர் இடம் கிடைத்தவுடன் பழக்கம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

தோட்டத்திலிருந்து மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வந்திருக்கிறார்களே என்பது கடைசி மறுப்பு, கனமானதும்கூட. வந்திருக்கிறார்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களுக்கு விதித்ததால் உருவான ஆறு வகுப்புப் பள்ளிகளில் படித்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் மொழி புரியாமல் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார்ந்து, அதையும் தாண்டி வந்தவர்கள். அவர்களுடைய ஒழுங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அவர்களைக் காட்டி, பழகினால் நீயும் வரலாம் என்று சொல்லும்போது, அதே விளக்கில் படித்துப் பேருந்துக் காசில்லாமல் நின்றுபோன அண்ணன் கணக்கில் வருவதில்லை. நாலு மணிக்கு எழுந்த அம்மாவும் கணக்கில் வருவதில்லை. அவளுடைய பழக்கம் பிள்ளையின் சான்றிதழில் போய்ச் சேர்ந்தது. சேர ஓர் இடம் இருந்த வீடுகளில் அது நடந்தது என்றுதான் இதையும் வாசிக்கத் தோன்றுகிறது. இப்படிச் சொல்வதால் பழக்கம் வீண் என்று ஆகிவிடாது. வெட்டுக்காரரின் கை தனக்குள்ளே கொண்டிருந்த நேர்த்தி, யாருக்குப் போனாலும் போகாவிட்டாலும், ஒரு மனிதரை நிமிர்ந்து நடக்கவைக்கிற பொருள்தான். அதை விலை போட்டுக் குறைக்க மனம் வரவில்லை. நான் சந்தேகப்படுவது அந்த நேர்த்தியை அல்ல, அதையே விடுதலையின் வழியாக விற்கிற பேச்சை.

இன்று நெகிரி செம்பிலானின் பெரும்பகுதித் தோட்டங்களில் பால்மரம் இல்லை. செம்பனை. அதற்கும் வட்டம் உண்டு, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே நிரைக்கு வந்து குலை வெட்ட வேண்டும். லயம் இடிந்து போன இடங்களில் சில சமயம் கோயிலும் ஒரு பலா மரமும் மட்டும் நிற்கின்றன. சிரம்பான், செனாவாங், நீலாய் அடுக்குமாடிகளில் குடியேறிய முதியவர்களுக்கு இன்னும் நாலு மணிக்கு விழிப்பு வருகிறது. எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். சூழல் போனபிறகும் மிஞ்சி நிற்கிற பழக்கத்துக்கு உளவியல் என்ன பெயர் வைத்திருக்கிறதோ. மிஞ்சிய லயங்களில் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். பெரட்டு அவர்களுக்கும் உண்டு, வேலை அனுமதி முடிகிற தேதியும் உண்டு. அவர்கள் இங்கே பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. இங்கே அவர்கள் பேரில் வீடோ நிலமோ கிடையாது. லொம்போக் தீவுக் கிராமங்களில் இங்கிருந்து அனுப்புகிற பணத்தில் வீடு எழும்புகிறது, ஒரு வருடம் சுவர், அடுத்த வருடம் கூரை, அதற்கடுத்த வருடம் தரைக்கு ஓடு. கட்டுகிறவன் அதில் தூங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.